ரெசில்மேனியாவில் கடைசி எது, முதல் எது?

கேள்வி: ரெசில்மேனியா மல்யுத்த நிகழ்ச்சிகளை மோசமானதிலிருந்து சிறந்ததுவரை எப்படி வரிசைப்படுத்துவீர்கள்?

பதில்: கடைசி இடம் 1993-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஒன்பதாவதுக்குத்தான். மேலாளர் மிஸ்டர் ஃபூஜி பிரெட் ஹார்ட்டின் கண்ணில் உப்பைத் தூவ, யோகோசூனா பட்டத்தைப் பறித்தார். உடனே உள்ளே வந்த ஹல்க் ஹோகன், 22 நொடிகளில் அதைத் தட்டிக்கொண்டு போனார். வருடக்கணக்கில் உழைத்த பிரெட்டுக்குச் செய்த அநியாயம் அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கு மேலே 1995-இன் பதினொன்றாவது. கடைசிச் சண்டையில் ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரரை இறக்கினார்கள். அவ்வளவுதான்.

நடுவில் வருபவற்றை விட்டுவிடுகிறேன். மூன்றாமிடம் 1994-இன் பத்தாவதுக்கு. பிரெட்டும் தம்பி ஓவனும் மோதிய முதல் சண்டைக்காகவே கொடுக்கலாம். தம்பி ஜெயித்தான், அன்றிரவே வேறொரு சண்டையில் ஜெயித்து அண்ணன் பட்டத்தைத் தூக்கி நிற்க, அதை மேடையோரம் நின்று பார்த்தான். அந்த முகத்தை மறக்கவே முடியாது.

இரண்டாவது, 1987-இன் மூன்றாவது. ஆந்த்ரே தி ஜயண்டை ஹோகன் தூக்கிப் போட்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் ஓட்டு ராண்டி சாவேஜ் – ரிக்கி ஸ்டீம்போட் சண்டைக்கு. ஒவ்வொரு பிடியையும் முன்கூட்டியே எழுதிவைத்து ஒத்திகை பார்த்த சண்டை.

முதலிடம் 2001, ஹூஸ்டன், பதினேழாவது. சொந்த மாநிலமான டெக்சாஸில், எதிராளி தி ராக்கை நாற்காலியால் அடித்து நொறுக்கிவிட்டு, பரம எதிரியான நிறுவன முதலாளி வின்ஸ் மக்மேனோடு ஸ்டீவ் ஆஸ்டின் கைகுலுக்கினார். ஏணிச் சண்டை உட்பட, அன்றைக்குச் சோடை போனது மிகக் குறைவு. ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.