ஆற்றை கண்ணாலை பார்க்கிறியள்?

கேள்வி: எனக்கு 31 வயது. 2009 இல் வன்னியில் எறிகணை விழுந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். செயற்கைக் காலோடு தையல் வேலை செய்து உழைக்கிறேன். கலியாண வீட்டுக்குப் போனால், “பாவம், வடிவான பிள்ளை” என்று சனம் கதைக்கிறது. கண்ணாடி பார்க்கவே மனமில்லை. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், பண்டத்தரிப்பு

பதில்: தங்கச்சி, சனத்தின் கண்ணால்தான் நீங்கள் கண்ணாடி பார்க்கிறீர்கள். ஆணுக்குக் கால் போனால் “எப்பிடி உழைப்பான்?” என்று கேட்கும் ஊர், பெண்ணுக்குப் போனால் “ஆர் கட்டுவான்?” என்று கேட்கிறது. நீங்கள் உழைப்பது அதன் கண்ணில் படவே இல்லை.

நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981 இல் திருச்சிக்கு அருகே நடந்த விபத்தில் காலை இழந்து, 1984 இல் ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலோடு மீண்டும் மேடை ஏறினார். மன்னார் எழுத்தாளர் வெற்றிச்செல்வி ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழந்தபின் நூல்கள் எழுதினார். ஆனால், மதிப்புக் கிடைக்க எல்லோரும் சாதிக்கத்தான் வேண்டும் என்றில்லை. ஒழுங்காகத் தைத்த ஒரு சட்டையே போதும்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது வலுவிழப்பைக் காட்டி ஒதுக்குவதை இலங்கையின் 1996 இன் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் தடுக்கிறது. அது சலுகை அல்ல, உரிமை. செயற்கைக் கால் இறுகினாலோ தளர்ந்தாலோ யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் காட்டுங்கள். நோவோடு நடந்தால் மனமும் சோரும்.

அடுத்த கலியாண வீட்டில் யாராவது “பாவம்” என்றால், “சட்டை தைக்க வேணுமெண்டால் சொல்லுங்கோ” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பந்தியில் இருங்கள்.