வாசற்கதவும் தெளிந்த பூச்சும்

அவுஸ்திரேலியாவில் வீடு வாங்கும் நம்மவர் பலர் முகப்பிலே அழகிய மரக்கதவு ஒன்றை அமைக்க விரும்புகின்றனர். மரத்தின் ரேகைகள் தெரியவேண்டும் என்பதற்காக அதற்கு நிறமற்ற வார்னிஷ் பூசுகின்றனர். முதலாண்டிற் கதவு கண்ணாடிபோல் மின்னும். இரண்டு மூன்று ஆண்டுகளிற் பூச்சுச் செதில் செதிலாகப் பெயர, அடியிலுள்ள மரம் சாம்பல் நிறமாகிவிடும். மழையே காரணம் என்று பலரும் கூறுவர். மழைக்கும் பங்குண்டு, ஆயினும் முதற்பகை வெயிலே.

மாணவர்களே, மரம் எதனால் ஆனது என்று முதலிற் பார்ப்போம். செலுலோசு என்னும் நார்ப்பொருளை இலிக்னின் என்னும் பொருள் பசைபோற் பிணைத்து நிற்கின்றது. மரத்தின் எடையில் ஏறத்தாழக் காற்பங்கு இலிக்னினே. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் இந்தப் பசையைச் சிதைக்கின்றன. தெளிந்த பூச்சு ஒளியை உள்ளே விடுகின்றது. அதனாலன்றோ ரேகைகள் எமக்குத் தெரிகின்றன! பூச்சு நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் அடியில் மரத்தின் மேற்பரப்பு பொடிந்து போவதும் உண்டு. பற்றிக்கொள்ள இடமின்றிப் பூச்சுப் பெயர்கின்றது. பின்னர் மழை சிதைந்த இலிக்னினைக் கழுவிச் செல்ல, நரைத்த நார்களே எஞ்சுகின்றன.

வைரம் பாய்ந்த மரத்துக்கும் இக்கதியா என்று பெற்றோர் வினவலாம். வைரத்தின் அருமையைத் தமிழர் நன்கறிவர். புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்துள்ளது. பல மரங்களின் வைரம் உக்கிப்போவதை எதிர்த்து நிற்கும். ஆனால் வெயிலில் மேற்பரப்பு நரைப்பதை அது தடுப்பதில்லை.

எமது ஊர்களிலே பழைய வீட்டுக் கதவுகளுக்குத் திண்ணையும் விறாந்தையும் நிழல் தந்தன. இங்கு பல வீடுகளிற் கதவு நேரே வெயிலைப் பார்த்து நிற்கின்றது. தென்னரைக்கோளத்திலுள்ள இந்நாட்டின் நகரங்களிற் பகலவன் பெரும்பாலும் வடக்கு வானிலே சஞ்சரிப்பதால், வடக்கையும் மேற்கையும் நோக்கிய கதவுகளே அதிகம் வாடுகின்றன. அத்தகைய கதவுக்குமேல் ஒரு சிறு கூரை அமைப்பது எந்த விலையுயர்ந்த வார்னிஷையும்விட மேலானது என்பது எமது கருத்து.

அடுத்து, பூச்சைத் தெரிவு செய்தல். மரம் ஈரத்தில் விரிந்து வறட்சியிற் சுருங்கும். அதுவும் ரேகைக்குக் குறுக்காகவே அதிகம். வீட்டினுட் பூசும் பொலியூரித்தேன் மிகவும் கடினமானது. அவ்வசைவுக்கு இணங்காது வெடித்துவிடும். பாய்க்கப்பல்களிற் பாயைத் தாங்கும் மரக்கழிகளுக்கென உருவானதே ஸ்பார் வார்னிஷ். அது மரத்துடன் சேர்ந்து நெகிழும். வெளிப்புறத்துக்குரியது என்பதும் புறஊதாக் கதிரைத் தடுப்பது என்பதும் பேணியில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். சிறிது நிறம் கலந்த பூச்சானால் இன்னும் நன்று. நிறத்துணிக்கைகள் ஒளியை மறிப்பதால் அது நிறமற்றதைவிட நெடுநாள் உழைக்கும்.

வெயிலும் குளிரும் மிதமான மார்ச், ஏப்ரல் மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. கதவைக் கழற்றி நிழலிற் கிடத்துக. பெயரும் பழைய பூச்சை முற்றாக நீக்கி, 120ஆம் இலக்க உப்புத்தாளாலும் பின் 180ஆம் இலக்கத்தாலும் ரேகையின் போக்கிலே தேய்த்து, தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: 1970ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடாயின் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். சோதித்து அறியுமுன் தேய்த்தலாகாது. சிறுவர்களை அருகில் விடவும் கூடாது.

தடித்த ஒரு பூச்சிலும் மெல்லிய நான்கு பூச்சுகளே சிறந்தவை. ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின் 240ஆம் இலக்கத் தாளால் மெதுவாக உரசிவிட்டு அடுத்ததைப் பூசுக. பலர் மறப்பது கதவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்புமே. அங்கு வெட்டுண்ட மரநுனிகள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அவற்றையும், பூட்டுக்கும் பிணைச்சலுக்கும் குடைந்த இடங்களையும் மூடாவிடின் ஏனைய உழைப்பெல்லாம் வீணே. ஒரு முகத்தை மட்டும் பூசினாற் கதவு வளைந்துவிடவும் கூடும்.

பெயரும்வரை காத்திருத்தல் ஆகாது. பளபளப்பு மங்கத் தொடங்கியதும் இலேசாக உரசி மேலும் ஒரு பூச்சிடுக. கடும் வெயிலில் நிற்கும் கதவுக்கு இஃது ஆண்டுதோறும் வேண்டியிருக்கும். அரைநாள் வேலை, தவறவிட்டால் முழுக்கதவையும் மீண்டும் சுரண்ட நேரிடும்.

எண்ணெய் சார்ந்த வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பையில் எறியவே கூடாது. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து காயும்போது வெப்பம் பிறக்கின்றது. துணிச் சுருளுக்குள் அவ்வெப்பம் அடைபட்டு, தீக்குச்சியின்றியே தீ மூளும். துணிகளை வெளியிலே தனித்தனியாக விரித்து விறைக்கும்வரை காயவிடுக. அல்லது நீர் நிரப்பிய உலோகப் பேணியில் இட்டு மூடி வைக்குக.