எல்லையில் ஒளிந்திருக்கும் பிழை

காங்கேயம் வட்டாரத்துக் களங்களில் தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஈரம் மிகுந்த பருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். எனவே வாங்குவோர் ஈரப்பதத்தை அளந்து பார்ப்பர். "6 விழுக்காடு வரை ஏற்றுக்கொள், அதற்கு மேற்பட்டால் மறுத்துவிடு" என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். இதைக் கணிப்பொறிக்கு நிரலாக எழுதுபவர், '6 அல்லது அதற்குக் குறைவு' என்பதற்குப் பதிலாக '6க்குக் குறைவு' என்று எழுதிவிடுகிறார். ஒரே ஒரு குறியில்தான் வேறுபாடு.

இந்நிரலைச் சோதித்துப் பார்ப்போம். 4 என்று கொடுத்தால் 'ஏற்பு' என்கிறது. 9 என்றால் 'மறுப்பு' என்கிறது. 5, 12, 20 என்று கொடுத்துக்கொண்டே போனாலும் விடை சரியாகவே வரும். 6 கொடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்! அந்த ஒன்றைச் சோதிக்காமல் விட்டால், தகுதியான பருப்பைக் கொண்டுவந்த குடியானவர் மூட்டைகளைத் திரும்ப வண்டியேற்ற வேண்டியதுதான். ஆகவே, எல்லையையும் அதன் இருபுறத்தையும் (5.9, 6.0, 6.1) கட்டாயம் சோதிக்க வேண்டும். இதற்கு எல்லை மதிப்புச் சோதனை என்று பெயர். எதிர்மறை எண்ணையோ 250 விழுக்காட்டையோ கொடுத்தால் நிரல் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. விடை என்னவாக இருக்க வேண்டும் என்பதை விதியிலிருந்து முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டுதான் நிரலை ஓட்டவேண்டும். ஓட்டிய பிறகு, வந்த விடையைப் பார்த்துத் தலையாட்டுவது சோதனையாகாது.

எல்லா எண்களையுமே சோதித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 16 பிட் எண் ஒன்று 65,536 மதிப்புகளைப் பெறலாம். அத்தகைய உள்ளீடுகள் இரண்டு இருந்தால் சேர்க்கைகள் ஏறக்குறைய 429 கோடி. விநாடிக்கு ஆயிரம் வீதம் சோதித்தால் 50 நாட்கள் ஆகும். மூன்று உள்ளீடுகள் என்றால் 8,900 ஆண்டுகள்! எனவே, பிழை எங்கே பதுங்கியிருக்கும் என்று ஊகித்துத் தேடுவதே வழி. சோதனையில் தேறிய நிரலில் பிழையே இல்லை என்றும் சொல்ல இயலாது. இயற்பியல் விதிகளின் நிலையும் இதுவே: ஆயிரம் ஆய்வுகள் ஒத்துவந்தாலும், ஒவ்வாத ஒரே ஆய்வு விதியைக் கவிழ்த்துவிடும்.

1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி, ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளுடன் கிளம்பியது. இரண்டாம் கட்டம் பிரியும்போது ஏவூர்தி எதிர்பாராத ஆட்டத்துக்கு உள்ளானது. அதைச் சரிசெய்யும் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு, குறிக்கப்பட்ட உச்ச வரம்பைத் தாண்டியது. வரம்பைத் தாண்டும்போது மட்டுமே தலைகாட்டும் ஒரு பிழை கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்தது. ஏவூர்தியும் செயற்கைக்கோளும் கடலில் வீழ்ந்தன. பயணம் ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் பிழை அன்று தெரிந்தே இருக்காது. குறைகள் களையப்பட்டு, 1994 அக்டோபர் 15 அன்று அடுத்த பி.எஸ்.எல்.வி. வெற்றி கண்டது.

ஐரோப்பிய ஏவூர்தியான ஏரியன்-5, 1996 ஜூன் 4 அன்று இதே வகைத் தொல்லையால் 40 விநாடிக்குள் அழிந்தது. 32,767க்கு மேற்பட்ட எண்ணை ஏற்க முடியாத இடத்தில் அதனினும் பெரிய எண் புகுந்ததே காரணம். அம்மென்பொருள் ஏரியன்-4இல் நன்றாகவே வேலை செய்தது. அங்கே அந்த எண் அவ்வளவு பெரிதானதில்லை. புதிய ஏவூர்தியின் பாதையைக் கொண்டு அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

பிழையைத் திருத்தியபின் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை நடத்துவர். ஓரிடத்தில் போட்ட ஒட்டு, வேறோரிடத்தில் கிழித்துவிடுவது உண்டு.

இனி உங்களுக்கு ஒரு வேலை. மதிப்பெண் 0 முதல் 100 வரை, தேர்ச்சிக்கு 35. 'தேர்ச்சி', 'தோல்வி', 'தவறான உள்ளீடு' என மூன்றில் ஒன்றை அச்சிடும் நிரலுக்கு எந்த எந்த மதிப்புகளைக் கொடுத்துச் சோதிப்பீர்கள்? எட்டுக்குக் குறையாமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வரவேண்டிய விடையையும் குறியுங்கள். தேர்வுக்கே வராத மாணவனை மறந்துவிட வேண்டாம்.