ஸ்டவுட்டுக்கு எந்த வாயு?

கேள்வி: வீட்டில் சிறிய கெக் வைத்து நைட்ரோ ஸ்டவுட் பரிமாற ஆசை. எந்த வாயுக் கலவை வாங்கலாம்?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 75 சதவீதம் நைட்ரஜன், 25 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. 70-30 கிடைத்தாலும் தாராளமாக வாங்குங்கள். கோலி சோடா நாக்கைச் சுரீரென்று கிள்ளுவது கார்பன் டை ஆக்சைடால். நைட்ரஜன் எளிதில் கரையாது. குழாய்முனையில் உள்ள நுண்துளைத் தகட்டில் பியர் இடிபட்டு வரும்போது பொடிக் குமிழிகளாகப் பிரிந்து, டம்ளர் ஓரமாகக் கீழிறங்கி, பிறகு மேலே பாலேடு போலப் படியும். பார்க்கவே அழகு! 1959இல் கின்னஸுக்காக இந்த முறையை உருவாக்கியவர் மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர்.

தனி நைட்ரஜன் வேண்டாம். நாள்பட நாள்பட பியர் சப்பென்று போய்விடும். அழுத்தம் 30 முதல் 35 பிஎஸ்ஐ, குளிர் 4 டிகிரிக்குள்.

வாயுக் கடையில் 'கலவை' என்று மட்டும் கேட்டால் வெல்டிங்குக்கான ஆர்கான் கலவையைத் தந்துவிடக்கூடும். உணவுத் தரம் என்று அழுத்திச் சொல்லுங்கள். இந்தச் சிலிண்டருக்கு ரெகுலேட்டரும் வேறு. சோடாக் கடை ரெகுலேட்டரை மாட்டவே கூடாது. கடற்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும், அடிக்கடி துடையுங்கள். ஏசி போட்டு மூடிய அறையில் சிலிண்டர் வைக்காதீர்கள். வாயு கசிந்தால் மூச்சு முட்டும், நைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது.