முதலில் ஆர்டரைப் படியுங்கள்: பெருந்தொற்றுக் காலச் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் அரசு மருத்துவமனைகளுக்கு எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை முடிந்துபோனது. மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வேறு யாரும் நுழையப் பயந்த வார்டுகளில் நின்றவர்கள் அவர்கள். பணிநீட்டிப்பு கிடையாது என்றதும் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்த ஆணையில் ‘தற்காலிகம்’ என்ற சொல் முதல் நாளிலிருந்தே இருந்தது.

மீஞ்சூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் பக்கத்திலிருந்து ஸ்டான்லிக்கும், தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கும், திருவொற்றியூர் நர்சிங் ஹோம்களுக்கும், எண்ணூர், காட்டுப்பள்ளி ஆலைகளின் மருத்துவ அறைகளுக்கும் வேலைக்குப் போகும் செவிலியர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 2020 மே மாதம் சென்னையிலேயே தொற்று மிக அதிகமாக இருந்த மண்டலங்களில் ராயபுரமும் ஒன்று. அடுத்த தொற்று எப்போது வந்தாலும் நெருக்கமாக வீடுகள் உள்ள வடசென்னை தப்பாது. அதற்கு இப்போதே தயாராவது எப்படி என்று பார்ப்போம்.

1. ஆர்டரை வரி வரியாகப் படியுங்கள்

அவசர காலத்தில் ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், மறுநாளே சேரச் சொல்வார்கள். சேருங்கள். ஆனால் சேரும் முன் நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். பணி எத்தனை மாதத்துக்கு? தொகுப்பூதியமா, காலமுறை ஊதியமா? நியமிப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமா, தேசிய நலவாழ்வுக் குழுமமா, அவுட்சோர்சிங் நிறுவனமா? பணி நிரந்தரம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். 2015-இல் தேர்வு வாரியம் வழியாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் ஆகிவிடும் என்று நம்பினார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள், வேலைக்குத் திரும்பும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. யாரோ மேடையில் சொன்ன வாக்கை விட, தாளில் இருக்கும் ஒரு வரிக்குத்தான் நீதிமன்றத்தில் மதிப்பு.

தனியார் மருத்துவமனை என்றால் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுக்காதீர்கள். நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஊதியம் பேசும்போது ஒரு அளவுகோல் கையில் இருக்கட்டும். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் அமைந்த மத்திய அரசுக் குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் தர வேண்டும் என்றது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. அது பரிந்துரைதான், சட்டம் இல்லை. ஆனாலும் பேரம் பேசும்போது சொல்லலாம், சொல்ல வேண்டும்.

2. உங்களுக்கென ஒரு நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, ஷிஃப்ட், வார்டு, எத்தனை நோயாளிகள், உங்களோடு எத்தனை பேர் டூட்டி, என்ன பாதுகாப்புக் கவசம் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வரி. நோயாளியின் பெயர் வேண்டாம். அது அவர்களின் அந்தரங்கம். டூட்டி ரோஸ்டர் ஒட்டிய அன்றே உங்கள் பெயர் உள்ள பகுதியைப் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

எதற்கு இவ்வளவு? 2020 மார்ச் இறுதியில் சுகாதாரப் பணியாளர்களுக்கென மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவர் கோவிட் நோயாளிகளோடு நேரடித் தொடர்புள்ள பணியில் இருந்தார் என்று நிறுவனம் சான்று தர வேண்டும் என்பது அதன் நிபந்தனையாக இருந்தது. ஒப்பந்தப் பணியாளருக்கும் அது இருந்தது. தனியார் மருத்துவமனை ஊழியர் என்றால் அரசு கோவிட் பணிக்கு எடுத்துக்கொண்டதற்கான ஆவணமும் தேவைப்பட்டது. நிறுவனம் கைவிரித்தால், ரோஸ்டர் படமும் நோட்டும்தான் குடும்பத்துக்கு மிஞ்சும் சாட்சி. அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

3. போக வர வழி

ஊரடங்கில் கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயில் பொதுமக்களுக்கு நின்றுபோனது. பிறகு ஓடிய சிறப்பு ரயில்களில் ஏற அடையாள அட்டை வேண்டியிருந்தது. கண்டெய்னர் லாரிகள் நிறைந்த திருவொற்றியூர்–பொன்னேரி சாலையில் நைட் டூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தில் ஸ்கூட்டி ஓட்டுவது தொற்றை விடப் பெரிய ஆபத்து. ஆகவே மருத்துவமனையிடம் தங்குமிடமோ வாகனமோ எழுத்தில் கேளுங்கள். ஒரே வழியில் போகும் நான்கு பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திட்டால் மறுப்பது கடினம். முத்திரையிட்ட அடையாள அட்டையையும் பணிக் கடிதத்தையும் பையில் வைத்திருங்கள்.

4. கிட்டுக்குள் ஆறு மணி நேரம்

கவசத்தை அணிவதை விட, கழற்றுவதில்தான் தொற்று ஏறுகிறது. கழற்றும் இடத்தில் எதிரே ஒரு தோழி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் வெளிக் கையுறை. பிறகு கவுனை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி இறக்க வேண்டும். கண்ணாடியின் பின்பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும், முன்பக்கம் கை படக்கூடாது. உள்கையுறைக்குப் பிறகு, நோயாளி அறையை விட்டு வெளியே வந்ததும் கடைசியாக மாஸ்க். ஒவ்வொன்றுக்கும் இடையில் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். களைப்பில் ‘போதும்’ என்று தோன்றும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் தவறு நடக்கும்.

பெண்கள் வெளியே பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். சிறுநீர் கழிக்க வழியில்லை என்று பலர் தண்ணீரே குடிக்காமல் உள்ளே போனார்கள். சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் கூடவே வந்தன. கவசத்தோடு தொடர்ச்சியாக நிற்கும் நேரத்தை நான்கு மணி நேரமாகப் பிரித்து, நடுவில் ஒருவர் மாற்றிவிடும் முறையை இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் வார்டுக்கு வெளியே உள்ள வேலைக்கு, அதாவது ஸ்டாக், பதிவேடு, போன் தகவல் போன்றவற்றுக்கு, மாறிக்கொள்ளலாம் என்று ரோஸ்டர் போடும்போதே பேசி வையுங்கள். இது சலுகை இல்லை, வேலை ஒழுங்காக நடக்கத் தேவையான ஏற்பாடு.

ஆலை மருத்துவ அறையில் இருப்பவருக்குச் சிக்கல் வேறு. கேட்டில் வெப்பமானியோடு நிற்பதும் அவர்தான், காய்ச்சல்காரரைத் திருப்பி அனுப்பினால் உற்பத்தி நிற்கிறது என்று ஹெச்.ஆரிடம் திட்டு வாங்குவதும் அவர்தான். ‘வேலைக்குத் தகுதி’ என்று நீங்கள் கையெழுத்திடாதீர்கள், அது மருத்துவர் வேலை. பதிவேட்டில் வெப்ப அளவு, நேரம், ‘மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்’ என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்து போடுங்கள். மேலதிகாரி மீறி உள்ளே அனுப்பினால் அதையும் எழுதுங்கள்.

5. வீடு திரும்பியதும்

ஒற்றைக் குளியலறை வீட்டில் தனிமை என்பது ஒரு கனவு. வாசலிலேயே மாற்றுத்துணி வாளி, நேராகக் குளியல், பிறகுதான் பிள்ளை. எங்கள் பக்கம் கடல்நீர் ஏறி உவர்த்துப்போன போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியே கைத்தோல் வெடிக்கும், வெடித்த தோலில் கிருமி எளிதாக நுழையும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாக வையுங்கள், உடனே தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் தனியாக வாக்குவாதம் செய்ய வேண்டாம். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கடிதத்தோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். 2020 ஏப்ரலில் திருத்தப்பட்ட தொற்றுநோய்ச் சட்டத்தில், செவிலியரின் வாழ்க்கைச் சூழலைப் பாதிக்கும் துன்புறுத்தலும் வன்முறையாகவே கணக்கிடப்படுகிறது. தண்டனை மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. வார்டில் உறவினர் கை ஓங்கினாலும் அதே சட்டம்தான். தமிழ்நாட்டுக்கென 2008-ஆம் ஆண்டின் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டமும் தனியாக உண்டு. புகாரில் இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

6. காய்ச்சல் வந்தால்

அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. இவ்வளவு எழுதினால் போதும்: ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை கோவிட் வார்டில் பணி செய்தேன். இன்று காய்ச்சலும் இருமலும் உள்ளன. பரிசோதனைக்கு அனுப்பவும், இந்த நாட்களைப் பணிக்காலமாகக் கருதவும் வேண்டுகிறேன்.’ நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். கோவிட் பணி செய்தவர்களின் தனிமைக் காலத்தை விடுப்பில் கழிக்கக்கூடாது என்பது 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டு, மத்திய அரசும் ஒப்புக்கொண்ட விஷயம்.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு. சாதாரண நோய்க்கு 70 சதவீத ஊதியம். மருத்துவப் பணியில் ஒட்டும் தொற்றுநோய் அதன் தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது, அப்படி ஏற்கப்பட்டால் 90 சதவீதம். வித்தியாசத்தைத் தீர்மானிப்பது நிறுவனம் அனுப்பும் விபத்து அறிக்கை. அதை அனுப்பினார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

7. அலை ஓய்வதற்குள்

வேலை முடிவதற்கு ஒரு மாதம் முன்பே அனுபவச் சான்று கேளுங்கள். ‘ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்’ என்று ஒரு வரியில் முடித்தால் ஏற்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு, வென்டிலேட்டர், உயர் ஓட்ட ஆக்ஸிஜன் கருவி, எத்தனை படுக்கை என்று விவரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். பொறுப்பில் இருந்த மருத்துவர் மாற்றலாகிப் போய்விட்டால் அப்படிப்பட்ட கடிதம் பிறகு கிடைக்காது.

பதிவைப் புதுப்பிப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாடு போக நினைப்பவர் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை. பல நாடுகளுக்கு, உங்கள் பதிவு உண்மை என்று தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அங்குள்ள குழுமத்துக்குச் சரிபார்ப்பு அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கான விண்ணப்பத்தை வேலை உறுதியான பிறகு அல்ல, மொழித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள்.