மலைச் சரிவில் மருந்தடிக்க டிரெய்லரும் தண்ணீர்த் தொட்டியும் தேர்ந்தெடுக்கும் முறை

போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் மலைச்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. போடிப் பக்கச் சரிவில் குரங்கணி, கொட்டகுடிப் பகுதிகளிலும் ஏலமும் காப்பியும் பயிராகின்றன. இத்தோட்டங்களில் இலைப்பேன், தண்டுத் துளைப்பான், காய் அழுகல் நோய் ஆகியவற்றைத் தடுக்க ஆண்டில் பல முறை மருந்து தெளிக்க வேண்டியுள்ளது. ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், டிரெய்லரில் தண்ணீர்த் தொட்டியும் உயர் அழுத்த விசைத் தெளிப்பானும் ஏற்றிச் சென்று வாடகைக்கு மருந்தடித்துக் கொடுப்பது நல்ல தொழிலாக வளர்ந்துள்ளது.

இத்தொழிலைத் தொடங்குவோர் பலரும் முதலில் பெரிய தொட்டியை வாங்கிவிடுகின்றனர். பிறகு அதற்கேற்ற டிரெய்லரைத் தேடுகின்றனர். கடைசியாக, வீட்டில் இருக்கும் டிராக்டரிலோ ஜீப்பிலோ அதை மாட்டுகின்றனர். இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது. முதலில் பார்க்க வேண்டியது பாதையின் சரிவு. அடுத்து இழுக்கும் வண்டி, பிறகு டிரெய்லர், கடைசியில்தான் தொட்டி. சமவெளியில் இந்த வரிசை மாறினால் டீசல்தான் கூடுதலாகச் செலவாகும். மலையில் மாறினால் உயிருக்கே ஆபத்து.

தண்ணீரின் எடை

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் தொட்டி, எஞ்சின், பம்பு, ஓஸ் குழாய், டிரெய்லரின் சொந்த எடை ஆகியவற்றைக் கூட்டிப் பார்ப்பவர் சிலரே.

எடுத்துக்காட்டாக, ஒரு டிரெய்லரின் மொத்த எடை 1,500 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் சொந்த எடை 400 கிலோ, பிளாஸ்டிக் தொட்டி 40 கிலோ, எஞ்சினும் தெளிப்பானும் 80 கிலோ, ஓஸ் குழாயும் சில்லறைச் சாமான்களும் 40 கிலோ. இவற்றுக்கே 560 கிலோ போய்விடுகிறது. மீதி 940 கிலோ. மேடு பள்ளமான தோட்டப் பாதையின் அதிர்ச்சிக்கு ஒரு பகுதியை ஒதுக்கினால், 800 லிட்டர் தொட்டியே இந்த டிரெய்லருக்கு ஏற்றது. மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் செய்த ஆயிரம் லிட்டர் தொட்டி மட்டுமே சுமார் 130 கிலோ இருக்கும். அதை வைத்தால் தண்ணீரின் அளவை இன்னும் குறைக்க வேண்டும்.

சரிவில் இந்த எடை என்ன செய்யும் என்பதையும் அறிவது நலம். எட்டு அடிக்கு ஓர் அடி இறங்கும் பாதையில், 1,500 கிலோ டிரெய்லர் தன் முன்னால் செல்லும் வண்டியை ஏறத்தாழ 185 கிலோ விசையுடன் இடைவிடாது தள்ளிக்கொண்டே வரும். சில சிறு டிராக்டர்களின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஈரமண் பாதையில் அத்தகைய டிராக்டரின் பிரேக்கைப் பிடித்தால், சக்கரம் நின்றாலும் வண்டி நிற்காமல் வழுக்கும். டிரெய்லர் அதைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். எனவே, பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை இழுக்கும் வண்டியின் எடையை எக்காரணம் கொண்டும் மிஞ்சக் கூடாது. செங்குத்தான தோட்டப் பாதையில் அதிலும் நன்கு குறைவாகவே இருக்க வேண்டும். மலையில் வேலை செய்யும் டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் கட்டாயம் தேவை.

பாதித் தொட்டியே பெரிய ஆபத்து

நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசைவதில்லை. காலித் தொட்டியில் அசைவதற்கு ஒன்றும் இல்லை. பாதி நிறைந்த தொட்டிதான் வண்டியைக் கவிழ்க்கிறது. வளைவில் திரும்பும்போது தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கம் சாய்கிறது. பிரேக் பிடித்தால் முன்னால் பாய்கிறது. ஏற்றத்தில் பின்னால் ஓடிக் கொக்கியை மேலே தூக்குகிறது. கொக்கி தூக்கப்பட்டால் டிராக்டரின் பின்சக்கரங்களுக்குத் தரையில் பிடிமானம் குறைகிறது. காலையில் நிறைதொட்டியுடன் ஒழுங்காகச் சென்ற வண்டி, மாலையில் குறைதொட்டியுடன் அதே வளைவில் சாய்வதற்கு இதுவே காரணம்.

இதைத் தடுக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் வைக்கும் உயரமான பிளாஸ்டிக் தொட்டி நிலையாக நிற்பதற்குச் செய்யப்பட்டது. அதில் தடுப்பு இல்லை. எடையின் மையமும் உயரத்தில் இருக்கும். நாள்தோறும் குலுங்கினால் அடிப்பகுதி விரிசல் விடும். விலை மலிவு என்று இதை டிரெய்லரில் ஏற்றுவது சரியன்று. உயரம் குறைந்த, படுக்கைவாட்டத் தொட்டியே நல்லது. ஆனால் அகலமான தொட்டியில் தண்ணீர் அலைவதும் அதிகம். ஆகவே தடுப்பு இல்லாமல் அதையும் வாங்கக் கூடாது.

ஒரே ஆயிரம் லிட்டர் தொட்டிக்குப் பதிலாக ஐந்நூறு லிட்டர் தொட்டிகள் இரண்டை ஒன்றன் பின் ஒன்றாகப் பொருத்துவது சிறந்த முறை. ஒன்றை முழுதும் தீர்த்த பிறகே அடுத்ததைத் திறந்தால், எந்த நேரத்திலும் ஒரு சிறு தொட்டியில் மட்டுமே தண்ணீர் அலையும். முன்தொட்டி அச்சுக்குச் சற்று முன்னாலும் பின்தொட்டி அச்சுக்குச் சற்றுப் பின்னாலும் அமைய வேண்டும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் விழுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். எப்போதும் பின்தொட்டியையே முதலில் காலி செய்ய வேண்டும். முன்தொட்டியை முதலில் தீர்த்தால் எடை பின்னால் போய்க் கொக்கி தூக்கும். இரண்டு தொட்டிகளையும் பக்கம் பக்கமாக வைப்பது கூடாது. ஒன்று காலியானதும் டிரெய்லர் ஒரு புறமாகச் சாயும்.

பெரிய தொட்டியால் எவ்வளவு லாபம்?

பெரிய தொட்டி வைத்தால் வேலை விரைவாக முடியும் என்பது பொதுவான எண்ணம். கணக்குப் போட்டால் உண்மை தெரியும். நிமிடத்துக்கு 20 லிட்டர் அடிக்கும் தெளிப்பானுக்கு ஆயிரம் லிட்டரைத் தீர்க்க 50 நிமிடம் ஆகும். தண்ணீர் பிடிக்க 15 நிமிடம், போய் வர 20 நிமிடம் என்றால் ஒரு நடைக்கு 85 நிமிடம். எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 5,600 லிட்டர் அடிக்கலாம். இரண்டாயிரம் லிட்டர் தொட்டியானால் பிடிக்க 30, போய் வர 20, அடிக்க 100 என்று ஒரு நடைக்கு 150 நிமிடம். எட்டு மணி நேரத்தில் 6,400 லிட்டர். தொட்டி இரண்டு மடங்கானபோது வேலை ஏழில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் எடையும் டிரெய்லர் விலையும் டயர் தேய்மானமும் ஆபத்தும் ஏறத்தாழ இரண்டு மடங்காகின்றன.

தண்ணீர் இருக்கும் இடம் மிகத் தொலைவாக இருந்தால் என்ன செய்வது? அப்போதும் டிரெய்லர் தொட்டியைப் பெரிதாக்குவது வழியன்று. தோட்டத்தின் மேற்பகுதியில் நிலையான தொட்டி ஒன்றை அமைத்து, முந்திய நாளே மோட்டார் வைத்துக் குழாய் வழியாக நிரப்பிவிட வேண்டும். டிரெய்லரில் எஞ்சினும் ஓஸ் குழாயும் வந்தால் போதும்.

தெளிப்புக்கு வேறு, பாசனத்துக்கு வேறு

மூன்று மீட்டர் இடைவெளியில் நட்ட ஏலத்தோட்டத்தில் ஏக்கருக்குச் சுமார் 450 தூர்கள் இருக்கும். தூருக்கு இரண்டு லிட்டர் மருந்து நீர் என்றால் ஏக்கருக்கு 900 லிட்டர். இதற்கு டிரெய்லர் தொட்டி பொருத்தமே. ஆனால் கோடையில் தூருக்கு 20 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் ஏக்கருக்கு 9,000 லிட்டர் தேவை. ஆயிரம் லிட்டர் டிரெய்லருக்கு இது ஒன்பது நடை. அதுவும் ஒரு தடவைக்கு மட்டுமே.

2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்கள் கடும் வறட்சியால் பெரும் சேதம் அடைந்தன. அப்போது வண்டிகளில் விலைக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய தோட்டக்காரர்கள் இக்கணக்கை நன்கு அறிவர். வறட்சியைச் சமாளிக்க மழைக்காலத்திலேயே தோட்டத்துக்குள் நீர் சேமிக்கும் படுதாக் குளம், சொட்டு நீர், மூடாக்கு, போதிய நிழல் ஆகியவையே துணை நிற்கும். டிரெய்லர் தொட்டியைப் பாசனத்துக்கும் சேர்த்து நம்பி, அதற்காகப் பெரிதாக வாங்குவது பண விரயம்.

தொட்டி எந்தப் பொருளால் ஆனது?

காய் அழுகல் நோய்க்கு ஒரு சதவீத போர்டோ கலவை அடிக்கப்படுகிறது. நூறு லிட்டருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ தேவை. ஒவ்வொன்றையும் 50 லிட்டர் தண்ணீரில் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் செம்பு படிந்து சிவந்து தோன்றலாம். அப்படியானால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். செம்பு படிவது மறையும் வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். மயில்துத்தம் இரும்பை அரிக்கும். துத்தநாகப் பூச்சுத் தகட்டையும் விடாது. ஆகவே மருந்துத் தொட்டிக்கு கெட்டியான பிளாஸ்டிக்கே ஏற்றது. சுண்ணாம்பு வண்டல் அடியில் படியுமாதலால், முழுதும் வடியும்படி அடியில் வடிகால் குழாயும், வாயில் வடிகட்டியும், கை நுழையும் அளவு மூடியும் இருக்க வேண்டும்.

நிறுத்தும் இடமும் அழுத்தமும்

தெளிப்பான் கீழேயும் தெளிக்கும் ஆள் மேலேயும் இருந்தால், ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் குறையும். அறுபது மீட்டர் உயரத்தில் ஆறு கிலோ போய்விடும். நீளமான ஓஸ் குழாயில் உராய்வால் குறைவது இதற்கு மேல். மாறாக, டிரெய்லரைத் தோட்டத்தின் மேல்பக்கத்துச் சமதளத்தில் நிறுத்திக் கீழ்நோக்கி அடித்தால் அழுத்தம் கூடும். குழாயை இழுப்பதும் எளிது. ஆகவே பெரிய எஞ்சின் வாங்குமுன் நிறுத்தும் இடத்தை மாற்றிப் பார்ப்பது நலம். நிறுத்தியதும் சக்கரங்களுக்குச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கையில் கிடைத்த கல்லை நம்பக் கூடாது. மரத்தில் செய்த ஆப்புக் கட்டைகள் இரண்டைச் சங்கிலியில் கோத்து டிரெய்லரிலேயே தொங்கவிடலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மலைச்சாலையில் தொட்டி காலியாகவே ஏறி இறங்க வேண்டும். தண்ணீரைத் தோட்டத்துக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும்.

2. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாற்ற வேண்டும். பாதி இறக்கத்தில் கிளட்சை மிதிப்பதும் நியூட்ரலில் விடுவதும் கூடாது.

3. கொக்கி ஊசிக்குப் பூட்டு ஊசியும், கூடுதலாகக் காவல் சங்கிலியும் போட வேண்டும்.

4. டிரெய்லரின் மேலோ இணைப்புக் கம்பியின் மேலோ எவரும் அமர்ந்து செல்லக் கூடாது.

5. ஓடையிலிருந்து தண்ணீர் பிடிக்கையில் குழாயின் நுனி தொட்டி நீரைத் தொடாமல் மேலே தொங்க வேண்டும். இல்லையேல் மருந்து நீர் ஓடைக்குத் திரும்பிவிடும்.

6. தொட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தோட்டத்திலேயே தெளித்துவிட வேண்டும். ஓடையில் கழுவக் கூடாது. கிழக்குச் சரிவின் நீர் கொட்டகுடி ஆறு வழியாக வைகைக்கும், மேற்குச் சரிவின் நீர் பெரியாற்றுக்கும் செல்கிறது. அவை பலர் குடிக்கும் நீர்.

7. கை, முகம் கழுவ நல்ல தண்ணீர் இருபது லிட்டர் கேனில் தனியாக இருக்க வேண்டும்.

மருந்தடிப்பு இல்லாத நாட்களில் இதே எஞ்சினைக் கொண்டு ஜீப், டிராக்டர், காப்பிக் களம் ஆகியவற்றை உயர் அழுத்த நீரால் கழுவிக் கொடுத்தும் வருமானம் பெறலாம். இதற்குத் தொட்டி, ஓஸ் குழாய், துப்பாக்கி மூன்றும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தடித்த சாமான்களைக் கொண்டு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைக் கழுவக் கூடாது.

டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். வாடகைத் தொழிலுக்கும், போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பகுதியில் வேலை செய்வதற்கும் தேவையான அனுமதி, காப்பீடு ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். வாடகை இயந்திர மையங்களுக்கான மானிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அறியலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் செலவிட்டு, வேலை செய்யப் போகும் தோட்டப் பாதைகளை நடந்து பார்த்து, மிகச் செங்குத்தான இறக்கத்தையும் மிகக் குறுகிய வளைவையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இறக்கத்தில் பாதுகாப்பாக நிற்கக்கூடிய எடை எவ்வளவோ அதுவே தொட்டியின் அளவு. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் ஓட்டுபவரின் உயிரைப் பணயம் வைத்து ஏற்றுவதாகும்.