செப்புக் குழாயின் முனையை விரித்தல்

ஆயில் எஞ்சின் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் குடியானவர்களுக்கு, நெற்பயிர் கதிர் வாங்கும் தறுவாயில் எஞ்சின் நின்றுபோவதைக் காட்டிலும் பெரிய சங்கடம் வேறில்லை. அச்சமயம் நீர் தடைப்பட்டால் பதர் மிகும். பெரும் பழுதென்று அஞ்சி மெக்கானிக்கைத் தேடி அலைந்தபின், எண்ணெய்த் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் செப்புக் குழாயின் முனை வெடித்திருப்பதே காரணமென்று தெரியவருவதுண்டு. வெடிப்பின் வழியே டீசல் கசியும். காற்று உட்புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தாலும் 10 மணி நேரத்தில் 36,000 சொட்டுகள் வீணாகும். வெடிப்பின்மீது சோப்பை அப்பி நூல் சுற்றுதல் அன்றைய பொழுதைக் கழிக்க உதவுமேயன்றிப் பரிகாரமாகாது. முனையை வெட்டிப் புதிதாக விரித்தலே முறை.

வெட்டுதல்: குழாயைக் கழற்றி, டீசலை முற்றும் வடித்துவிட வேண்டும். வெடித்த பகுதியைக் குழாய் வெட்டும் கருவியால் கோணலின்றி வெட்டி, உள்விளிம்பின் பிசிறை நீக்கித் துகளைத் தட்டிவிட வேண்டும். பிசிறு தங்கினால் விரிப்பு சமமாக அமையாது.

பதப்படுத்துதல்: எஞ்சினின் அதிர்ச்சியால் செம்பு நாளடைவில் இறுகி, விரிக்கும்போது வெடிக்கும். ஆகையால் டீசல் இல்லாத தூய குழாயின் முனையை, எஞ்சினுக்கு அப்பால், மங்கிய செந்நிறம் அடையும்வரை காய்ச்சி ஆறவிட வேண்டும். எஃகைப்போலன்றி, செம்பைக் காய்ச்சியபின் நீரில் தோய்த்தாலும் அது மென்மையாகவே இருக்கும். பின்னர்க் கரும்படிவை உள்ளும் புறமும் துடைத்தல் அவசியம்.

விரித்தல்: முதலில் நட்டைக் குழாயில் மாட்டிக்கொள்ள வேண்டும்; இதை மறந்தால் செய்த வேலை வீண். பிறகு குழாயைக் கருவியின் சட்டத்தில் பொருந்திய துளையில் இறுக்கி, முனை ஒரு நாணயத்தின் கனமளவு வெளியே நிற்கச் செய்து, கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய் இட்டு, மெதுவாகத் திருக வேண்டும். கருவியின் கோணமும் இணைப்பின் கோணமும் ஒன்றாதல் வேண்டும். செப்புக் குழாய்க்குச் சாதாரணமாக வழங்குவது 45 பாகைக் கோணம்.

சோதித்தல்: விரிப்பு வட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். சிறிதானால் குழாய் நழுவும்; பெரிதானால் நட்டு ஏறாது. மயிரிழை வெடிப்பு காணினும் வெட்டி மறுபடி செய்க. இணைக்கும்போது இரண்டு ஸ்பானர்களைக் கொண்டு, ஒன்றால் இணைப்பைப் பிடித்து மற்றொன்றால் நட்டை இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் விரிப்பு நசுங்கி மெலியும். பின்னர் எண்ணெய் வழியிலுள்ள காற்றை வெளியேற்றி எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புதுக் குழாய் பொருத்துவோர் இடையில் ஒரு சுருள் விட்டுப் பொருத்துதல் நலம். அச்சுருள் அதிர்ச்சியைத் தாங்கும். முனையை மீண்டும் வெட்ட நேரிடின் நீளமும் கொடுக்கும்.